32 அடி பாய்மரப் படகில் கேபின் சூடு: கித்தான் பந்தல், காற்றுப் பை, விசிறி, ஏசி, ஓராண்டு பயன்படுத்திய பிறகு

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் விவரம். வெயில் நாட்டில் பாய்மரப் படகு வைத்திருந்து, இரவில் கேபினுக்குள் படுக்க முடியாமல் தவிக்கிறீர்கள் என்றால், கையில் இருக்கும் பணத்தை முதலில் தளத்துக்கு மேலே கட்டும் பந்தலில் போடுங்கள். ஏசியில் வேண்டாம். விசிறிகூட அதற்கு அடுத்ததுதான். நாங்கள் தலைகீழாகச் செய்தோம்: முதலில் ஏசி, அப்புறம் விசிறி, அப்புறம் வெளிக்காற்றைப் பிடித்து உள்ளே திருப்பும் காற்றுப் பை, கடைசியில் பந்தல். பந்தல் கட்டிய பிறகுதான் மற்ற மூன்றும் உருப்படியாக வேலை செய்யத் தொடங்கின.

எங்களுடையது மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பழைய படகு. 32 அடி, 1980களில் தைவானில் கட்டியது, தளம் முழுக்கத் தேக்குப் பலகை ஒட்டியது. சிங்கப்பூரில் நிறுத்தும் கட்டணம் கட்டுப்படியாகாமல் மலேசியாவின் ஜொகூர் பக்கம் ஒரு மரினாவில் (படகு நிறுத்தும் துறை) வைத்திருக்கிறோம். நீண்ட விடுமுறை கிடைத்தால் மலாக்கா நீரிணை வழியாகப் போர்ட் டிக்சன், பங்கோர், பினாங்கு, லங்காவி என்று மேலே போவோம். இந்தப் பகுதியில் வருடம் முழுக்கப் பகலில் 31, 32 டிகிரி. இரவில் 24, 25க்குக் கீழே அதிகம் இறங்காது. விடியற்காலையில் ஈரப்பதம் 90 சதவீதத்தைத் தாண்டும். கடல் தண்ணீரே 29 டிகிரி. குளிர் நாட்டுக்காரர்கள் கேபினைக் குளிர்ச்சியாக வைப்பது பற்றிச் சொல்வது இங்கே ஒத்துவராததற்கு இதுதான் காரணம். அங்கே கடல் குளிர்ந்திருக்கும், தண்ணீருக்குள் இருக்கும் படகின் பக்கச் சுவரே பாதி வேலையைச் செய்துவிடும். இங்கே பகலில் ஏசி இல்லாமல் என்ன செய்தாலும் 29க்குக் கீழே போக வழியில்லை. அதனால் நம் வேலை குளிர வைப்பது இல்லை, சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது.

சூடு எங்கிருந்து ஏறுகிறது என்பது எங்களுக்கு வெகுநாள் புரியவில்லை. காற்றே சூடாக இருக்கிறது, என்ன செய்ய முடியும் என்றுதான் நினைத்திருந்தோம். ஒரு நாள் பிற்பகல் இரண்டு மணிக்கு, தூரத்தில் இருந்தே வெப்பம் அளக்கும் சின்னத் துப்பாக்கிக் கருவியை வைத்துத் தேக்குத் தளத்தை அளந்தேன். 58 டிகிரி. செருப்பில்லாமல் கால் வைக்க முடியாது. உள்ளே போய் அதே இடத்துக்கு நேர் கீழே கேபின் கூரையை அளந்தேன். 41. அந்தக் கூரைக்கும் படுத்திருப்பவர் முகத்துக்கும் நடுவே முன்பக்கப் படுக்கையில் மூன்றடிகூட இருக்காது. இரவு ஒன்பது மணிக்குப் படுத்தபடியே கையைத் தூக்கிக் கூரையைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல் ஆறிக்கொண்டிருப்பது போல வெதுவெதுவென்று இருக்கும். வெளியே 27 டிகிரியில் காற்று இருக்கிறது, உள்ளே தலைக்கு மேல் பகல் முழுக்க வாங்கிய வெயில் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பதினொரு மணி வரைக்கும் இந்தக் கதைதான். இதை விசிறி போட்டுச் சரி செய்ய முடியாது.

இனி பந்தல். முதல் பந்தல் இணையத்தில் வாங்கினது. "எல்லாப் படகுக்கும் பொருந்தும்" என்று போட்டிருந்தார்கள். வெள்ளிப் பூச்சுப் பூசிய துணி, ஓரத்தில் பித்தளை வளையம். பாயின் அடியில் கிடையாக நிற்கும் பூம் கட்டைக்கு மேலே போட்டு இரண்டு பக்கக் கம்பி வேலியில் கட்டியதும் அன்றைக்கே வித்தியாசம் தெரிந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் காற்று அடித்தால் இரவு முழுக்கப் படபடவென்று சத்தம், நான்காம் மாதம் தையல் நூல் தொட்டாலே உதிர ஆரம்பித்தது. துணி நன்றாகத்தான் இருந்தது, நூல்தான் வெயிலில் செத்துவிட்டது. விற்றவர்களுக்குப் படம் எடுத்து அனுப்பினோம், ஒரு முறை பதில் வந்தது, அதற்கப்புறம் வரவில்லை.

இரண்டாவது பந்தலைத் தைத்தவர் படகுக்காரர் இல்லை. ஜொகூரில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கும் ஒரு தமிழ் அங்கிள். மரினாவில் வேலை செய்யும் தம்பி ஒருவர்தான் சொன்னார், "அண்ணே, அவர்கிட்டப் போய்ப் பாருங்க, தையல் வந்து பேசும்." போனோம். படகைப் பார்க்காமல் அளவு வாங்க மாட்டேன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரே டேப்பை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். லாரிக்குப் போடும் பிவிசி வேண்டாம், கனம், மடித்து வைக்க இடம் இருக்காது, ஈரத்தோடு மடித்தால் நாறும் என்று அவரே சொன்னார். சன்பிரெல்லா என்ற அக்ரிலிக் துணி வாங்கிக் கொடுத்தோம், வெளிர் மணல் நிறம். நூலைப் பற்றி நான் வாயைத் திறப்பதற்குள் அவரே, "துணி பத்து வருஷம் நிக்கும் தம்பி, சாதா நூல் மூணு வருஷத்துல போயிடும், அப்புறம் என்னைத்தான் திட்டுவீங்க" என்றார். வெயில் தாங்கும் பிடிஎஃப்இ நூல் வரவழைத்துக் கொடுத்தோம். நூல் விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனால் அதில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

அவர் தைத்ததை ஒரு தடவை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். வளையம் அடிக்கும் மூலை ஒவ்வொன்றிலும் துணியை மூன்றாக மடித்து, நடுவில் சீட் பெல்ட் நாடா ஒன்றை வைத்து, அதன் மேல் பெட்டி போலத் தைத்துக் குறுக்கே பெருக்கல் குறி இழுத்திருக்கிறார். கயிறு இழுத்தால் இழுவை வளையத்தில் நிற்காமல் நாடா வழியாகத் துணி முழுக்கப் பரவுகிறது. லாரியில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் பறக்கிற தார்ப்பாய்க்கு அப்படித்தான் செய்வாராம். துணி, நூல், கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,600 ரிங்கிட் ஆனது. ஒரு வருடம் ஆகிறது, ஒரு தையல் விடவில்லை.

பந்தலை இரண்டு துண்டாகச் செய்யச் சொன்னது நாங்கள். பாய்மரத்திலிருந்து பின்பக்கம் வரை ஒரு பெரிய துண்டு, பாய்மரத்துக்கு முன்னால் அணியத்துக்கு (படகின் முன்பகுதி) ஒரு சின்னத் துண்டு. ஒரே துண்டாக இருந்தால் முன்பக்க ஹேட்சில் (தளத்தில் இருக்கும் மூடியுள்ள திறப்பு) காற்றுப் பை கட்ட முடியாது. திடீரென்று காற்று வந்தால் ஒரே ஆளாகச் சுருட்டவும் முடியாது. அப்புறம், பந்தல் தளத்தை ஒட்டிக் கிடக்கக் கூடாது. எங்களுடையது தளத்துக்கு மேலே நல்ல இடைவெளி விட்டு நிற்கிறது, நடுவில் காற்று ஓட வேண்டும், இல்லாவிட்டால் வெயிலில் காய்ந்த துணியே இன்னொரு கூரையாகி அனலைக் கீழே அனுப்பும். பக்கத் திரைகளும் முக்கியம். எங்கள் நிறுத்தத்தில் படகின் பின்பக்கம் மேற்கே பார்த்து நிற்கிறது, நான்கு மணிக்கு மேல் வெயில் பந்தலுக்குக் கீழே சாய்ந்து நேராகக் கேபின் வாசலுக்குள் வந்துவிடும். கழற்றி எந்தப் பக்கமும் மாட்டுகிற மாதிரி இரண்டு திரை தைத்துக் கொடுத்தார்.

பலன் என்ன என்று கேட்டால், நல்ல வெயில் அடித்த இரண்டு சனிக்கிழமைகளில், அதே நிறுத்தத்தில், ஒன்றில் பந்தல் இல்லாமலும் ஒன்றில் பந்தலோடும் அளந்து வைத்தேன். பிற்பகல் மூன்று மணிக்குக் கேபின் நடுவில் 37.5 டிகிரியாக இருந்தது 32.5 ஆனது. இரவு ஒன்பது மணிக்கு 31 இருந்த இடத்தில் 28.5. இது எங்கள் படகின் கணக்கு, வெள்ளைத் தளம் உள்ள படகில் வித்தியாசம் குறைவாக இருக்கலாம். ஆனால் அந்த ஒன்பது மணி வித்தியாசம்தான் குழந்தைகள் தூங்குகிறார்களா அழுகிறார்களா என்பதை முடிவு செய்தது.

ஹேட்ச் கண்ணாடிகளுக்கு மேலே அதே மிச்சத் துணியில் தொப்பி போலத் தைத்து வாங்கிக்கொண்டோம். முன்னால் உள்ளே திரை போட்டிருந்தோம். அது வெளிச்சத்தைத்தான் மறைத்தது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு மறைத்து என்ன பிரயோசனம், சூடு ஏற்கனவே வீட்டுக்குள் வந்தாகிவிட்டது. மறைப்பு வெளியே இருக்க வேண்டும்.

காற்றுப் பை. விண்ட்ஸ்கூப் என்று எல்லோரும் சொல்வார்கள். மெல்லிய நைலான் துணிப் பை, முன்பக்க ஹேட்சுக்கு மேலே, பாயை ஏற்றும் ஹால்யார்டு கயிற்றில் தூக்கிக் கட்டினால், தலைக்கு மேல் போகிற காற்றைப் பிடித்து உள்ளே திருப்பிவிடும். நங்கூரம் போட்டு நிற்கும்போது இதற்கு ஈடாக எதுவும் இல்லை. மூக்கு காற்றைப் பார்த்தே படகு நிற்பதால் பையின் வாயும் காற்றைப் பார்த்தே இருக்கும். பின்பக்கக் கதவைத் திறந்து வைத்தால் முன்னால் நுழைந்த காற்று கேபின் முழுக்க ஓடி வெளியே போகும். அந்தக் கதவை மூடிவிட்டால் பை உப்பி நிற்கும், உள்ளே ஒன்றும் அசையாது. இதைக் கவனிக்காமல் பை சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மரினாவில் கதை வேறு. அங்கே படகு கட்டிப் போட்டபடி நிற்கிறது, காற்று எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். ஒரு பக்கம் மட்டும் வாய் உள்ள பையை அடிக்கடி திருப்பிக் கட்ட வேண்டும். இதற்கு நான்கு பக்கமும் வாய் வைத்த வகை இருக்கிறது, அதையும் வாங்கினோம். பிடிக்கிற காற்று கொஞ்சம் குறைவு, ஆனால் கட்டிவிட்டு மறந்துவிடலாம். நங்கூரத்திலும் இந்த வகைக்கு ஒரு உபயோகம் உண்டு. மலாக்கா நீரிணையில் நீரோட்டம் பலம், காற்று மெதுவாக இருக்கும் இரவுகளில் படகு காற்றைப் பார்க்காமல் நீரோட்டத்தைப் பார்த்துத் திரும்பி நிற்கும். ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓதம் (கடல் ஏற்ற இறக்கம்) மாறும்போது படகும் திரும்பும். ஒற்றை வாய்ப் பை அப்போது முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

இதில் ஒரு எச்சரிக்கை, நடந்ததைச் சொல்கிறேன். போன மே மாதம் பூலாவ் பீசாங் அருகே நங்கூரம் போட்டிருந்தோம். மலேசியத் தீவு, ஆனால் மேலே 1886ல் கட்டிய கலங்கரை விளக்கத்தைச் சிங்கப்பூர் பராமரிக்கிறது. நல்ல இரவு, பை கட்டியிருந்தோம், பந்தலும் அப்படியே இருந்தது, எல்லோரும் அசந்து தூக்கம். இந்தப் பக்கம் ஏப்ரல் முதல் நவம்பர் வரை சுமத்ரா என்று ஒரு புயல் வரிசை, சுமத்ரா தீவின் பக்கமிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பி வரும், தெரிந்ததுதான். மூன்றரை மணிக்கு முதலில் ஒரு குளிர்ந்த காற்று பை வழியாக முகத்தில் அடித்தது. அவ்வளவு சுகமாக இருந்தது, நான் எழுந்திருக்கவில்லை. இரண்டு நிமிடத்தில் மழை அந்தப் பை வழியாகவே, புனல் வைத்து ஊற்றியது போல, முன்பக்கப் படுக்கை மேல். மெத்தை நனைந்ததுகூடப் பரவாயில்லை. பந்தல் காற்றைப் பிடித்து நங்கூரச் சங்கிலி விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றதுதான் பயமாக இருந்தது. மனைவி சின்னத் துண்டையும் நான் பெரிய துண்டையும் இருட்டில் அவிழ்த்தோம். அங்கிள் வைத்த இழுத்தால் அவிழும் கொக்கிகள் அன்றைக்குக் காப்பாற்றின. அதற்குப் பிறகு சட்டம் இதுதான்: அந்த மாதங்களில் நங்கூரத்தில் படுக்கப் போகுமுன் பந்தலைச் சுருட்டிவிடுவோம், இரவில் அதனால் பயனும் இல்லை. பை மட்டும் இருக்கும், அதன் கயிறு கேபினுக்குள்ளிருந்தே அவிழ்க்கிற மாதிரி வரும். குளிர்ந்த காற்று முகத்தில் பட்டதும் எழுந்துவிட வேண்டும்.

மழை நேரத்தில் ஹேட்ச் எல்லாம் மூடினால் உள்ளே அவிந்து போகும். அப்போது உதவுவது தளத்தில் இருக்கும் இரண்டு டொராடு பெட்டிகள். 1930ல் கட்டிய டொராடு என்ற பந்தயப் படகிலிருந்து வந்த பெயர், அந்தப் படகை வடிவமைத்தவர் ஒலின் ஸ்டீஃபன்ஸ். ஒரு பெட்டி, அதன் மேலே ஒரு பக்கம் கொம்பு போல வளைந்த குழாய், உள்ளே இன்னொரு பக்கம் கேபினுக்குப் போகும் உயர்ந்த குழாய். தண்ணீர் பெட்டியின் தரையில் விழுந்து ஓட்டை வழியாக வெளியே ஓடிவிடும், காற்று மட்டும் தாண்டி உள்ளே வரும். பழைய படகு வாங்குபவர்கள் இதை அடைத்து வைத்திருந்தால் திறந்துவிடுங்கள். எங்களுடையதில் முந்தைய உரிமையாளர் துணி வைத்து அடைத்திருந்தார்.

விசிறி விஷயத்தில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முதலில் கடையில் கிடைத்த மலிவான யுஎஸ்பி விசிறி நான்கு வாங்கினோம். உப்புக் காற்றில் இரண்டே மாதத்தில் கம்பிக் கூண்டு துருப்பிடித்து மெத்தை உறையில் செம்பழுப்புக் கறை. அப்புறம் காஃப்ராமோ சிரோக்கோ இரண்டு, கனடா நிறுவனத்துடையது, படகுக்கென்றே செய்தது. எல்லாப் பக்கமும் திரும்பும், மூன்று வேகம், நேரம் வைத்தால் தானாக நிற்கும், 12 வோல்ட்டில் நேராக ஓடும். விலை அதிகம்தான், ஆனால் அதிக வேகத்தில்கூட அரை ஆம்பியருக்குக் கீழேதான் இழுக்கிறது. எட்டு மணி நேரம் ஓடினாலும் ஒரு விசிறிக்கு 4 ஆம்பியர்-மணி தாண்டாது. தலைமாட்டில் மாட்டுங்கள், கூரையில் வேண்டாம். விசிறி காற்றைக் குளிர வைப்பதில்லை, உங்கள் வியர்வையைத்தான் காய வைக்கிறது, அதனால் உடம்பில் பட வேண்டும். கொசுவலை போட்டால் விசிறி வலைக்கு உள்ளே இருக்க வேண்டும், வலை பாதிக் காற்றைத் தின்றுவிடும்.

தண்ணீர் ஊற்றி ஓட்டும் ஏர்கூலர் ஒன்றையும் எங்கள் கூட்டாளி ஒருவர் ஊரிலிருந்து கொண்டுவந்தார், மதுரையில் அவர் வீட்டில் சித்திரை வெயிலுக்கு அது அருமையாக ஓடியதாம். அங்கே காற்று காய்ந்திருக்கிறது, தண்ணீர் ஆவியாகிக் குளிர்ச்சி தருகிறது. இங்கே காற்று ஏற்கனவே நனைந்திருக்கிறது. ஒரு மணி நேரத்தில் கேபின் குளியலறை மாதிரி ஆகி, தலையணை பிசுபிசுத்துப் போயிற்று. இந்தக் கடற்கரைக்கு வேண்டவே வேண்டாம்.

இப்போது ஏசி. 5,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஜன்னல் ஏசி ஒன்றை வாங்கி, ஒட்டுப்பலகை வெட்டி முன்பக்க ஹேட்சில் உட்கார வைத்தோம், மரினாவின் கரை மின்சாரத்தில் ஓடியது. பந்தல் இல்லாத நாளில் பிற்பகல் முழுக்க நிற்காமல் ஓடியும் 30 டிகிரிக்குக் கீழே வரவில்லை. பந்தல் கட்டிய பிறகு அதே ஏசி 40 நிமிடத்தில் 26க்குக் கொண்டுவந்து, நின்று நின்று ஓடியது. பெரிய ஏசி வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தோம், தேவையே இல்லாமல் போயிற்று. எட்டாவது மாதம் அதன் அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்தது. கடையில் கடல் பக்கம் வைத்தால் உத்தரவாதம் கிடையாது என்றார்கள், வாங்கும்போது படகுக்கு என்று சொல்லித்தான் வாங்கினோம், அப்போது யாரும் இதைச் சொல்லவில்லை. மனது கஷ்டமாகத்தான் இருந்தது.

நங்கூரத்தில் ஏசி போடலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். எங்கள் ஏசி கிட்டத்தட்ட 480 வாட். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டர் வழியாக எடுத்தால், இழப்பையும் சேர்த்து 45 ஆம்பியர் பக்கம். எங்களிடம் 200 ஆம்பியர்-மணி ஈய பேட்டரி, அதில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் போய்விடும். இரண்டு மணி நேரம், முடிந்தது. அதே பேட்டரியில் இரண்டு விசிறிகள் பத்து இரவுக்கு மேல் ஓடும். சிலர் சின்ன ஜெனரேட்டரைத் தளத்தில் வைத்து, கேபினை மூடி, ஏசி போட்டுத் தூங்குகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, காற்று திரும்பினால் உள்ளே வந்துவிடும், தூக்கத்தில் ஒருவருக்கும் தெரியாது. பக்கத்துப் படகின் ஜெனரேட்டர்கூடப் போதும். எங்கள் கேபினில் அதைக் கண்டு கத்தும் அலாரம் படுக்கைப் பக்கமே மாட்டியிருக்கிறோம்.

காசில்லாமல் செய்யக்கூடியதும் உண்டு. மாலை ஐந்தரை மணிக்கு வாளியில் கடல் தண்ணீர் மொண்டு தேக்குத் தளம் முழுக்க ஊற்றுங்கள். முதல் வாளிக்கு ஆவி எழும்பும். ஐந்தாறு வாளி போனதும் கால் வைக்கலாம், கூரையின் உள்பக்கமும் சீக்கிரம் இறங்கிவிடும். தேக்குக்கு உப்புத் தண்ணீர் நல்லதுதான். இந்த நீரிணையில் காற்றில்லாமல் இன்ஜின் ஓட்டி வருவதுதான் அதிகம், ஆறு மணி நேரம் ஓடிய இன்ஜின் ஆறுவதற்கு இரவாகும், அதை ஒட்டிய பின்பக்கப் படுக்கையில் அன்றைக்கு யாரையும் படுக்க வைக்காதீர்கள். சோற்றைக் காலையிலேயே வடித்துவிடுங்கள், மதியம் கேபினில் அடுப்பு வேண்டாம். ரொம்பப் புழுக்கமான இரவில் நாங்கள் கேபின் தரையிலேயே பாய் விரித்துவிடுகிறோம், கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிற இடம், மேலே இருப்பதைவிட நிச்சயமாகக் குளிர்ச்சி.

வரும் ஏப்ரலில் மறுபடி லங்காவி வரைக்கும் போகிறோம். அங்கிளிடம் பேசிவிட்டேன். பக்கத் திரைகளை ஒரு அடி நீளமாக்கி, முன் துண்டில் மழை வடிய நடுவே ஒரு மேடு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், இப்போது அங்கே தண்ணீர் குளம் கட்டுகிறது. ஏசியைத் திரும்ப வாங்கவில்லை. அந்தப் பணத்தில் மூன்றாவது விசிறி ஒன்று, குழந்தைகள் படுக்கைக்கு.